குருளைக்கு எவ்வளவு நடை?

நுழையும்முன்

வீட்டுக்கு வரும் நாய்க்குட்டிக்கு என்ன உணவு தரலாம் என்று கேட்போர் பலர். எவ்வளவு நடக்க விடலாம் என்று கேட்போர் சிலரே. அளவு மீறிய ஓட்டம் அதன் காலைக் கெடுக்கும். ஓட்டமே இல்லாத கட்டு அதன் மனத்தைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவைத் திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

பெயரிலேயே நின்ற இளமை

உயிர்களின் இளமைக்குத் தனித்தனிப் பெயரிட்டு அழைத்த மொழி தமிழ். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் நாயின் இளமைக்கு உரிய பெயர் குருளை. நாயோடு பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமைக்கும் அப்பெயரே உரியது. வளர்ந்த விலங்கு வேறு, வளரும் விலங்கு வேறு என்னும் தெளிவு அப்பெயரீட்டில் அடங்கியிருக்கிறது. குருளை என்பது சிறிய நாய் அன்று. இன்னும் நாயாகாத ஓர் உயிர். இவ்வேறுபாட்டை மறப்பதிலிருந்தே, குட்டி வளர்ப்போர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

நாயின் துணையைத் தமிழர் மறந்தவரும் அல்லர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல், ஆநிரை காக்கும் பூசலில் இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற அவனது நாயையும் நினைவுகூர்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயர் கல்லில் ஏறியது. அப்படிப்பட்ட நாயும் ஒரு நாள் குருளையாக இருந்தே வளர்ந்திருக்கும். அதை வளர்த்தெடுத்த கைகளைப் பற்றிக் கல் ஒன்றும் கூறவில்லை.

பூட்டும் நாயும்

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கிறது திண்டுக்கல் சமவெளி. நகரின் நடுவே ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்கும் மலைக்கோட்டை ஊருக்கு அடையாளம். கைவினைஞர் செய்யும் பூட்டு ஊருக்குப் பெருமை. திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. வீட்டைக் காப்பதற்கு இவ்வூரார் நம்பியவை இரண்டு: ஒன்று பூட்டு, மற்றொன்று நாய்.

இரண்டும் காவலுக்கு உரியவை என்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒன்றுபோலவே நடத்தும் வழக்கம் வந்துவிட்டது. பூட்டை வாங்கிக் கதவில் மாட்டுவது போல நாயை வாங்கி வாயிலில் கட்டிவிடுகின்றனர். பூட்டுக்கு அசைவு வேண்டா. மாட்டிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் தொங்கினாலும் அதற்குத் துயரம் இல்லை. நாயோ அசைவிலேயே அறிவு பெறும் உயிர். மூன்று மாதக் குருளையை இரண்டு முழச் சங்கிலியில் பிணைத்துவிட்டால், அது காண்பது ஒரு சுவரும் ஒரு தெருவும் மட்டுமே. தெருவில் போகும் ஒவ்வொன்றும் அதற்கு அச்சமாகிறது, அச்சம் குரைப்பாகிறது, குரைப்பு நாளடைவில் கடியாகிறது. பின்னர் அதே வீட்டார், ‘இந்த நாய் பொல்லாதது’ என்று கூறிக் கண்காணாத கண்மாய்க்கரையில் விட்டுவிட்டு வருகின்றனர். தெருநாய்களின் எண்ணிக்கையில் அன்று ஒன்று கூடுகிறது.

இதற்கு நேர்மாறான மற்றொரு காட்சியும் உண்டு. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம், தேனி மாவட்டத்துக் கோம்பை, தென்கரிசலுக்குரிய சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாயினங்கள் மீது இளைஞரிடையே அண்மைக்காலத்தில் ஆர்வம் பெருகியுள்ளது. இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நாயினங்களின் அஞ்சல்தலை வரிசையில் இராசபாளையம் நாயும் இடம்பெற்றது. இது மகிழத்தக்க ஆர்வமே. ஆயினும், இவை வேட்டைக்கும் விரைவுக்கும் பெயர் பெற்றவை என்பதாலேயே, நான்கு மாதக் குட்டியை இருசக்கர வண்டியின் பின்னே ஓடவிட்டு ‘ஓட்டம் பழக்கும்’ போக்கும் பரவியிருக்கிறது. கட்டிவைப்பவர் குருளையைப் பூட்டாகக் காண்கிறார்; ஓட்டிச் செல்பவர் அதனை முழு வேட்டைநாயாகக் காண்கிறார். குருளையைக் குருளையாகக் காண்பவர் இருவரும் அல்லர்.

எலும்பின் நுனியில் நிகழ்வது

குட்டியை மிகுதியாக ஓடவிடலாகாது என்பதற்குக் காரணம் அதன் எலும்பில் இருக்கிறது. வளரும் பருவத்தில் கால், கை எலும்புகளின் நுனிகளில் வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்பு அடுக்கு அமைந்திருக்கும். எலும்பு நீள்வது இவ்விடத்திலேயே. இது முற்றிய எலும்பைவிட மென்மையானது. வளர்ச்சி முடிந்ததும் இத்தட்டும் எலும்பாக இறுகி மூடிக்கொள்கிறது. மனிதருக்கும் இவ்வமைப்பே உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் சிலரின் எலும்புகளில் இத்தட்டுகள் இன்னும் முழுமையாக மூடியிரா.

நாய்களில் இது மூடும் காலம் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சிற்றுடல் இனங்களில் ஓராண்டு நிறைவதற்குள் மூடிக்கொள்ளும்; பேருடல் இனங்களில் ஒன்றரை ஆண்டு வரையிலும் ஆகலாம். அதற்குள் கடினமான தரையில் நெடுந்தொலைவு ஒரே சீராக ஓடவைப்பதும், உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் குதிக்க வைப்பதும், திடீரென்று திருப்பி இழுப்பதும் இம்மென்மையான இடத்துக்கு ஊறு செய்யக்கூடும். அடிபட்ட தட்டு ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராமல் நின்றால் கால் வளைந்துவிடும். வண்டியின் பின்னே ஓடும் குட்டி களைப்பைக் காட்டாது. தன்னை வளர்ப்பவரை விட்டுப் பிரியக்கூடாது என்னும் ஒரே முனைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் அன்பே அங்கு அதற்குப் பகையாகிறது.

ஐந்து நிமிடக் கணக்கு

அப்படியாயின் எவ்வளவு நடை போதும்? நாய் வளர்ப்போரிடையே உலகெங்கும் வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. குட்டியின் வயதில் ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்று கொள்ள வேண்டும். அவ்வளவு நேரம் நாளுக்கு ஒரு முறையோ இருமுறையோ நடத்திச் செல்லலாம். இக்கணக்குப்படி மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நடைக்குப் பதினைந்து நிமிடம். நான்கு மாதத்துக்கு இருபது. ஆறு மாதத்துக்கு முப்பது.

இக்கணக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்த விதியன்று. பட்டறிவில் பிறந்த கைக்கணக்கு. எல்லா இனத்துக்கும் எல்லாக் குட்டிக்கும் இஃது அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. ஆயினும் இதில் ஒரு நன்மை உண்டு. ஆர்வம் மிக்க இளைஞரை, ‘போதும், வீட்டுக்குத் திரும்பு’ என்று இது தடுத்து நிறுத்துகிறது. சோம்பல் மிக்கவரை, ‘பதினைந்து நிமிடமாவது எழுந்து நட’ என்று தூண்டுகிறது. அளவுகோல் முழுத் துல்லியமாக இல்லாவிடினும், அளக்க வேண்டும் என்னும் நினைவை அது தருகிறது.

இங்கு ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். இக்கணக்கு, கழுத்துப்பட்டையும் வாரும் பூட்டி மனிதர் தம் வேகத்தில் நடத்திச் செல்லும் நடைக்கு மட்டுமே உரியது. முற்றத்திலோ தோட்டத்திலோ குட்டி தானாகத் துள்ளுவதும், மோந்து பார்ப்பதும், சலித்ததும் படுத்துக்கொள்வதும் இக்கணக்கில் அடங்கா. அங்கே அளப்பவர் மனிதர் அல்லர், குட்டியே அளந்துகொள்கிறது. அதற்கு ஓட்டம் எவ்வளவு தேவையோ அதனினும் உறக்கம் தேவை. இளங்குட்டி ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில் பதினெட்டு மணி நேரம் வரையிலும் அதற்கு மேலும் உறங்கும். உறங்கும் குட்டியை விளையாட எழுப்புதல் அதன் வளர்ச்சியைக் குலைப்பதாகும்.

நிலமும் படியும்

எவ்வளவு நேரம் என்பதோடு எத்தகைய நிலத்தில் என்பதும் முதன்மையானது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் பேருடல் நாயினங்கள் நான்கினைப் பிறப்பு முதல் தொடர்ந்து நோக்கி, இடுப்பு மூட்டுக் கோளாறு எவ்வாறு தோன்றுகிறது என்று ஆராய்ந்து, முடிவுகளை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூன்று மாதம் நிறையும் முன் நாள்தோறும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளிடம் அக்கோளாறு மிகுதியாகக் காணப்பட்டது. அதே வயதில், மேடு பள்ளமான மென்னிலத்தில் கட்டின்றித் தாமாகத் திரிந்த குட்டிகளிடம் அது குறைவாகவே காணப்பட்டது. அசைவு தீமையன்று, எந்த இடத்தில், யாருடைய வேகத்தில் என்பதே நன்மையையும் தீமையையும் பிரிக்கிறது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

நார்வேயின் ஆய்வு கூறிய அந்நிலத்தைத் திண்டுக்கல் சமவெளியில் தேடிக் காண வேண்டியதில்லை. வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கத்து மேய்ச்சல் காடுகளும், அறுவடை முடிந்த சோளக் கொல்லைகளும், செம்மண் வரப்புகளும் அத்தகையனவே. ஆட்டுப் பட்டியில் பிறக்கும் குருளைக்கு நிமிடக் கணக்கு வைப்பவர் எவரும் இல்லை. அது தன் உடன்பிறப்புகளோடு மண்ணில் புரளும். ஆட்டுக்குட்டியை முட்டிப் பார்க்கும். தாய் முறைத்தால் விலகும். வேப்பமர நிழலில் உறங்கும். மந்தையோடு நாள் முழுதும் நடக்கும் வலிமை அதற்குப் படிப்படியாகவே வருகிறது. நகரம் அந்த மண்ணையும் நிழலையும் உடன்பிறப்புகளையும் குருளையிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதற்கு ஈடாகவே நடையைத் தர வேண்டியுள்ளது. நடைக்குக் கணக்கும் வைக்க வேண்டியுள்ளது.

நகரத்து வீட்டிலும் வழி இல்லாமற் போகவில்லை. மாடியில் குடியிருப்போர் குட்டியைக் கையில் ஏந்திப் படியிறங்கலாம். வழுக்கும் பளிங்குத் தரையில் ஒரு பழைய சாக்கையோ பாயையோ விரித்துவிடலாம். தெருவின் ஓரத்தில் மண் தெரியும் இடமாகப் பார்த்து நடத்தலாம். ஒவ்வொரு செடியையும் கல்லையும் அது நின்று மோந்து பார்க்க இடம் தரலாம். மனிதர் கண்ணால் உலகைப் படிக்கின்றனர். நாய் மூக்கால் படிக்கிறது. பத்து நிமிடம் மோந்து திரிந்த குட்டி, பத்து நிமிடம் இழுத்துச் செல்லப்பட்ட குட்டியைவிட மன நிறைவோடு வீடு திரும்பும்.

வெயில் வகுத்த நேரம்

சித்திரை, வைகாசித் திங்களில் இச்சமவெளியின் வெயில் கடுமையானது. பாறையும் தார்ச்சாலையும் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, மாலையிலும் அதனை உமிழ்கின்றன. மனிதர் செருப்பணிந்து நடப்பதால் அது புலப்படுவதில்லை. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களிலேயே உள்ளன. உடலின் வெப்பத்தைத் தணிக்க அது நாவை நீட்டி இளைப்பதையே முதன்மையாக நம்பியிருக்கிறது. வளர்ந்த நாய்க்கே கடினமான வெயிலில் குருளை விரைவில் தளர்ந்துவிடும். வெப்பத்தாக்கு உயிரையும் பறித்துவிடும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. புறங்கையைச் சாலையில் ஏழு நொடிகள் வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூட்டைக் குட்டியின் பாதமும் பொறுக்காது. ஆதலின், கோடையில் பூச்சந்தைக்கு மலர்க்கூடைகள் வந்திறங்கும் வைகறையே குருளையின் நடைக்கு உரிய நேரம்; மற்றொன்று, கதிரவன் மறைந்து தரை ஆறிய பின். இடைப்பட்ட வேளையில் நிழலும் நீரும் உறக்கமுமே அதற்குப் போதும்.

கையில் ஏந்திய நடை

குட்டியின் நடை உடலுக்கு மட்டும் உரியது அன்று; உலகத்தை அறிமுகம் செய்து வைப்பதும் அதுவே. அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்காட், புல்லர் இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டியின் வாழ்வில் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம், பிற உயிர்களோடு உறவு கொள்ளப் பழகும் சிறப்பான காலம் என்று காட்டினர். அப்போது அது கண்டு கேட்டுப் பழகியவற்றுக்குப் பின்னாளில் அஞ்சுவதில்லை.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அதே வயதில்தான் குட்டிக்கு நோய்த்தொற்று எளிதில் வரும். பார்வோ என்னும் நச்சுயிரி குட்டிகளைச் சில நாள்களில் மாய்த்துவிடும். நோயுற்ற நாயின் கழிவு பட்ட மண்ணில் அது நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை தொடர்கின்றன. ஊசி முடியும் வரை வீட்டுக்குள் அடைத்தால் அறிமுகக் காலம் கழிந்துவிடும். தெருவில் இறக்கிவிட்டால் நோய் தொற்றிவிடும்.

இரண்டுக்கும் இடையே உள்ள வழி, ஏந்திச் செல்லுதல். தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனை வரை சென்று வந்தால், குட்டியின் கால் மண்ணில் படாது. கண்ணும் காதும் மூக்கும் உலகத்தில் படும். பேருந்தின் ஒலிப்பான், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் ஆரவாரம், கோயில் மணி, தள்ளுவண்டிக்காரரின் குரல் எல்லாம் அச்சமின்றி அதற்கு அறிமுகமாகும். கால்நடை மருத்துவர் இசைவளித்த பின்னர் அது தரையில் நடக்கலாம்.

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் போடுதல் வேண்டும். விளையாட்டாகக் குட்டி கடித்தாலும் பல் பட்டுத் தோல் கீறினாலும் அவ்விடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைதல் வேண்டும். குட்டிதானே என்னும் எண்ணம் உயிரைக் காவாது. இந்நோய் முற்றி வெளிப்பட்டபின் காக்கும் மருந்து இல்லை. முன்னரே போடும் ஊசியே காப்பு.

சட்டம் சொன்ன நடை

நாயை நடக்க விடுதல் வளர்ப்பவரின் விருப்பம் என்று பலர் கருதுகின்றனர். இந்நாட்டுச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. மதுரையில் 1904ஆம் ஆண்டில் பிறந்தவரும், சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவியவருமான ருக்மிணி தேவி அருண்டேல், 1952ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றை அவர் அவையில் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வுறுதியின் பயனாக 1960ஆம் ஆண்டில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார்.

அச்சட்டத்தின் பதினொன்றாம் பிரிவு, வதை எனக் கொள்ளத்தக்க செயல்களை அடுக்கிக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, விலங்கை அளவு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிணைத்தல். அதையடுத்து வருவது, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு நியாயமான அளவில் உடற்பயிற்சி தராது புறக்கணித்தல். அடிப்பது மட்டுமே கொடுமை என்று எண்ணும் உலகில், நடக்க விடாமையும் கொடுமையே என்று அச்சட்டம் எழுதி வைத்தது. 2017ஆம் ஆண்டில் வந்த விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்றும் தடுத்தன. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விளையாடிக் கற்கும் காலத்தைக் குருளையிடமிருந்து பறித்தல் ஆகாது என்பது அதற்கு ஒரு காரணம்.

தொய்ந்த வார்

நியாயமான அளவு என்று கூறிய சட்டம், அது எத்தனை நிமிடம் என்று கூறவில்லை. கூறவும் இயலாது. கோம்பைக் குட்டிக்கு வேண்டிய அளவு வேறு. குட்டைக்கால் நாய்க்கு வேண்டிய அளவு வேறு. மழைநாளின் அளவு வேறு. கத்தரி வெயிலின் அளவு வேறு. ஆகவே அவ்வளவைக் காணும் பொறுப்பை வளர்ப்பவரின் கண்ணிடமே அது விட்டுவிட்டது.

அக்கண் காண வேண்டியவை சில. நடையில் குட்டி பின்தங்கினால், நிழல் கண்ட இடத்தில் அமர்ந்தால், நாவை அகல விரித்து இளைத்தால், நடை முடிந்தது என்று பொருள். மறுநாள் காலையில் நொண்டினால், முந்தைய நாளின் நடை மிகுதி என்று பொருள். நொண்டுதல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் பொருள். வீட்டிலுள்ள செருப்பையும் மிதியடியையும் ஓயாமல் கடித்துக் குதறினால், பல் முளைக்கும் தினவாகவும் இருக்கலாம். நடையும் விளையாட்டும் போதவில்லை என்பதாகவும் இருக்கலாம். பேச்சில்லாத உயிர் தன் தேவையைத் தன் உடலாலேயே எழுதிக் காட்டுகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு நாழிகை வட்டில் தேவையில்லை.

நெடிய ஓட்டத்துக்கும் காலம் வரும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்து எலும்பு இறுகியபின், மருத்துவரின் கருத்தையும் அறிந்து, ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அன்று அந்த நாட்டு நாய் கொல்லை வெளியில் பாய்வதைக் காண்பவர், அதைக் குருளைப் பருவத்தில் விரைவுபடுத்தாமல் காத்திருந்தவரின் பொறுமையையும் சேர்த்தே காண்பர்.

நடையின் அளவை உணர்த்த மிக எளிய கருவி ஒன்று வளர்ப்பவரின் கையிலேயே இருக்கிறது. அதுவே நாயையும் மனிதரையும் இணைக்கும் வார். முன்புறம் இறுகினால் குட்டி இன்னும் விரும்புகிறது. பின்புறம் இறுகினால் மனிதர் இழுக்கிறார். இருவருக்கும் இடையே அது வில்போல் தொய்ந்து ஆடினால், அன்றைய நடை அளவோடு அமைந்தது என்று கொள்ளலாம்.